சுவரில் மாட்டிய பார்மசிஸ்ட்

ஹுமைரா கேட்டது ஒன்றே ஒன்று. ஏதாவது ஒரு மருந்துக்கடையில், கவுண்டருக்கு உள்பக்கம், மூன்று மாதம் நிற்பதற்கு இரண்டடி இடம். சம்பளம் கேட்கவில்லை, நாற்காலி கேட்கவில்லை, பதினோரு மணி டீ கூடக் கேட்கவில்லை. வெளியூர்க்காரர் யார் வந்தாலும் பெரிய கோயிலைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்கிற தஞ்சாவூர், அந்த இரண்டடி இடத்தைக் கொடுக்க மனமில்லாமல் 2019 ஆடி மாதத்தில் அவளை எட்டு நாள் வெயிலில் அலையவிட்டது.

அவளுக்கு எந்த ஊர் என்று கேட்டால் யாருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல வராது. பூர்வீகம் கூத்தாநல்லூர். ஒரு வயதில் சவூதிக்கு, தம்மாமுக்குப் போனவள், பதினெட்டு வயது வரை அங்கேதான் வளர்ந்தாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவாள். சவூதியில் அவள் இந்தியப் பெண். கூத்தாநல்லூரில் அவள் சவூதிப் பெண். தஞ்சாவூர் கீழவாசலில் அவர்கள் குடிவந்த தெருவுக்கோ, கோடாலித் தைலம் வைத்திருக்கிற வீட்டுப் பெண். வந்து இறங்கிய வாரமே பக்கத்து வீட்டம்மா நலம் விசாரிக்க வந்து, தைலம் இருக்கிறதா என்று கேட்டு, இரண்டு புட்டி வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த அம்மாவின் உடம்பில் வலிக்காத இடமே இல்லாமல் போயிற்று.

திரும்பி வந்த கதை பெரிய கதையில்லை. 2017-இல் சவூதியில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் போட்டார்கள். ஹுமைராவின் அத்தா ஹாஜா மைதீன் அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்குகிறவர்களுக்கு மேற்பார்வையாளர். கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும் மனைவி சைத்தூன் பீவியையும் மகளையும் விமானம் ஏற்றிவிட்டார். கூத்தாநல்லூர் வீட்டில் பெரியத்தா குடும்பம் இருந்தது. ரெண்டு நாள் தங்கிட்டுப் போங்க என்று வாய் நிறையச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தமே, எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டது. அம்மாவும் மகளும் தஞ்சாவூரில் வாடகைக்கு வீடு பார்த்தார்கள். ஹுமைரா பார்மசி டிப்ளமோவில் சேர்ந்தாள். அத்தா அந்தக் காலத்தில் படித்த படிப்பு அதுதான். அவருக்கு அது தம்மாமில் உதவவில்லை. மகளுக்கு ஊரில் உதவும் என்று அவர்தான் சொன்னார்.

இரண்டு வருடப் படிப்பு முடிந்ததும் கல்லூரி ஒரு படிவத்தைக் கொடுத்தது. பதிவு பெற்ற பார்மசிஸ்ட் ஒருவரின் கீழ் ஐந்நூறு மணி நேரம், மூன்று மாதத்துக்குக் குறையாமல், மருந்து எடுத்துக்கொடுத்துப் பழக வேண்டும். அவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இருந்தால்தான் பதிவு, பதிவு இருந்தால்தான் வேலை. அவளுக்கு வேலை அவசரம். தம்மாம் சூப்பர் மார்க்கெட்டில் ஆள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அத்தாவின் சீட்டு எப்போது கிழியும் என்று தெரியாது. அவர் வந்து இறங்குவதற்குள் அவள் ஒரு கவுண்டரில் நின்றாக வேண்டும்.

வகுப்பில் நாற்பது பேர். முப்பத்தைந்து பேரின் படிவம் ஒரே வாரத்தில் கையெழுத்தாகி வந்துவிட்டது. ஐந்நூறு மணி நேரத்தை ஏழே நாளில் முடித்த மகான்கள் அவர்கள். தேதியை மட்டும் பென்சிலில் எழுதி வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்துப் பேனாவால் எழுதுவார்களாம். ஹுமைராவுக்கு இதைக் கேட்கவே அருவருப்பாக இருந்தது. தம்மாமில் அவர்கள் வீட்டுக்குக் கீழே ஒரு பார்மசி உண்டு. வெள்ளைக்கோட்டு போட்ட எகிப்துக்காரர் ஒருவர், காய்ச்சல் மாத்திரைக்குக் கூட இரண்டு கேள்வி கேட்டுத்தான் கொடுப்பார். தொழில் என்றால் அது என்று அவள் நினைத்திருந்தாள். தஞ்சாவூரும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள் பாருங்கள், அங்கேதான் அவள் வெளியூர்க்காரி.

முதல் கடை அரசப்பனுடையது. கழுத்தில் துண்டு, நெற்றியில் சந்தனம், வாயில் சீவல். படிவத்தை வாங்கிக் கண்ணாடியைக் கூடப் போடாமல் மூன்று இடத்தில் சீல் குத்தினார்.

"இந்தாம்மா. முடிஞ்சுது. போயிட்டு வா."

"நாளைக்கு எத்தனை மணிக்கு சார் வரணும்?"

"எங்க?"

"இங்கதான் சார். ட்ரெய்னிங்குக்கு."

"அதான் முடிச்சுக் குடுத்துட்டேனேம்மா. அப்புறம் என்னத்துக்கு வர்ற?"

"நீங்கதான் பார்மசிஸ்டா சார்?"

அரசப்பன் தலைக்கு மேலே சுவரைக் காட்டினார். கண்ணாடி பிரேமுக்குள் ஒரு சான்றிதழ், அதில் ஒட்டிய போட்டோவில் ஒரு வாலிபர். "அவருதான். தோஹாவுல வண்டி ஓட்டுறாரு. கையெழுத்தைப் பத்திக் கவலைப்படாத. அவரு கையெழுத்தை அவரைவிட நான் நல்லாப் போடுவேன்" என்றார். அதைச் சொல்லும்போது அந்த மனிதருக்கு இருந்த கர்வத்தைப் பார்க்க வேண்டும். ஹுமைரா படிவத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு இறங்கினாள். கல்லூரிக்குப் போய் வேறு படிவம் கேட்டு வாங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு கடையிலும் முதலில் சுவரைத்தான் பார்த்தாள். தொண்ணூறுக்குப் பிறகு இந்த ஊரில் தெருவுக்கு நாலு மருந்துக்கடை முளைத்தது. கடைக்கு ஒரு பார்மசிஸ்ட் வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியை மதிக்கிற ஊர் இது. கடைக்கு ஒரு பார்மசிஸ்ட்டைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். மாதா மாதம் அவர்களுக்கு ஒரு தொகை போய்ச் சேரும், அவர்கள் எங்கே இருந்தாலும். ஒரு கடையின் பார்மசிஸ்ட் மன்னார்குடியில் மனை விற்றுக்கொண்டிருந்தார். இன்னொரு கடையின் பார்மசிஸ்ட் கோயம்புத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண், தஞ்சாவூரை ரயிலிலிருந்து பார்த்ததோடு சரி. ஐந்தாவது கடையில் மருதையன் என்று பெயர் போட்டிருந்த பிரேமுக்குப் பிளாஸ்டிக் மாலையே போட்டிருந்தது.

"காலமாயிட்டாரா?" என்று ஹுமைரா கேட்டாள்.

"மெதுவாப் பேசும்மா" என்றார் கடைக்காரர், தெருவைப் பார்த்துக்கொண்டே. "மார்ச் வரைக்கும் லைசென்ஸ் இருக்கு."

பார்மசிஸ்ட் நிஜமாகவே உட்கார்ந்திருந்த கடையும் ஒன்று இருந்தது. அவர் வேட்டியை மடித்துக்கொண்டு, "பொம்பளப் புள்ளைய உள்ள விட்டா நான் எங்கம்மா காலை நீட்டி உக்கார்றது?" என்றார். அந்த ஊரில் ஒரே ஒரு உத்தமர் இருந்தார், அவருக்கும் காலை நீட்ட இடம் தேவைப்பட்டது.

எட்டாம் நாள் சாயங்காலம் ஹுமைரா செருப்பைக் கழற்றி மூலைக்கு வீசினாள். "இது ஒரு ஊராம்மா? எல்லாம் ஃப்ராடு. ஒருத்தனுக்குக் கூட வெக்கம் கிடையாது" என்று கத்தினாள்.

சைத்தூன் பீவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "துரைராசு மெடிக்கல்ஸுனு ஒண்ணு இருக்கு, பழைய பஸ் ஸ்டாண்டுகிட்ட. அத்தா பேரைச் சொல்லு. எடுத்துக்குவாங்க" என்றார்.

"இதை முதல் நாளே சொல்றதுக்கு என்ன?"

அம்மா கீரையை உருவிக்கொண்டே இருந்தார்.

துரைராசு மெடிக்கல்ஸ் சந்துக்குள் இருந்தாலும் கூட்டமான கடை. கல்லாவில் துரைராசு. அறுபது வயது, தலைக்குச் சாயம், கையில் எப்போதும் போன். கவுண்டரில் ஒரு பெண் நான்கு பேருக்கு ஒரே சமயத்தில் மருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவள் பெயர் ராமாயி என்று பிறகு தெரிந்தது. ஹுமைரா பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்தாள். மேலே பிள்ளையார் காலண்டர், அதற்குப் பக்கத்தில் பிரேம். பிரேமுக்குள் அடர்ந்த மீசையும் நடுவகிடுமாக, இருபத்தாறு வயது ஹாஜா மைதீன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். பெயர், தகப்பனார் பெயர், கூத்தாநல்லூர் என்று எல்லாம் சரியாக இருந்தது.

"என்ன பாப்பா வேணும்?" என்றார் துரைராசு.

"அவரு..." என்று சுவரைக் காட்டினாள்.

"அவருதான் நம்ம பார்மசிஸ்ட். தம்மாம்ல இருக்காரு. தங்கமான மனுசன். இருபத்தியோரு வருசத்துல ஒரு நாள் லீவு போட்டதில்ல" என்று சொல்லித் தன் நகைச்சுவையைத் தானே ரசித்துக் குலுங்கினார். கவுண்டரில் நின்ற இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"எங்க அத்தா" என்றாள் ஹுமைரா.

துரைராசு ஒரு நிமிடம்தான் திகைத்தார். பிறகு கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "அட, மைதீன் சார் பொண்ணா நீ? இது உன் கடைம்மா. எத்தனை மாசம் வேணுமோ நில்லு" என்றார். போன வாரம்தான் அவர் கடையில் மூட்டை பிரிக்கிற ஆள் ஒருவர் திருப்பூருக்குப் போயிருந்தார். சம்பளமில்லாமல் ஒரு ஆள் வாசலில் வந்து நிற்கும்போது யாருக்குத்தான் பாசம் பொங்காது?

ஹுமைரா தெருவுக்கு வந்து அத்தாவுக்குப் போன் செய்தாள்.

"அத்தா, உங்களை இங்க செவுத்துல மாட்டி வச்சிருக்காங்க."

அந்தப் பக்கம் தள்ளுவண்டிகள் உருளும் சத்தம். "துரைராசு நல்லா இருக்காரா?" என்றார் ஹாஜா மைதீன்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையா அத்தா?"

"வெக்கப்பட்டா நீ எப்படிம்மா படிக்கிறது?" என்றார் அவர், கோபமில்லாமல். "மாசா மாசம் வர்ற அந்தக் காசுலதான் இப்ப உங்க வீட்டு வாடகை போகுது. அம்மாவைக் கேளு." பிறகு குரலில் ஒரு குஷி வந்தது. "ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. நான்தானே அங்க பார்மசிஸ்ட்? நானே உனக்குக் கையெழுத்துப் போட்டுடறேன். வேற எங்கயும் அலையாத."

ஹுமைரா போனை வைத்துவிட்டாள். மூன்று நாள் அத்தாவோடும் பேசவில்லை, அம்மாவோடும் பேசவில்லை. நான்காம் நாள் துரைராசு கடைக்குப் போனாள். வேறு எங்கே போவாள்? தனக்குத்தானே ஒரு சமாதானம் செய்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் வேலையே செய்யாமல் கையெழுத்து வாங்குகிறார்கள், நான் ஐந்நூறு மணி நேரமும் நிஜமாக நிற்கப்போகிறேன், மணி நேரம் உண்மையாக இருந்தால் போதும் என்று. வகுப்பில் இருந்த முப்பத்தைந்து பேரும் முழுப் பொய் சொன்னார்கள். இவள் பாதிப் பொய் சொல்வதற்கு ஒரு தத்துவம் கண்டுபிடித்தாள்.

ராமாயிக்கு அவள் வந்ததில் ஒரு சந்தோஷமும் இல்லை. "சவூதி பாப்பா, அந்தப் பக்கம் நில்லு. வழியை மறிக்காத" என்பதுதான் முதல் பாடம். ராமாயி அம்மாபேட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பத்தாவதைப் பாதியில் விட்டவள். பதினான்கு வருடமாக இந்தக் கவுண்டரில் நின்றே காலில் நரம்பு புடைத்துக்கொண்டது. யாருக்கும் எதையும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற பொறுமை அவளுக்குக் கிடையாது. ஹுமைரா கேள்வி கேட்டால், "படிச்ச புள்ளதானே, புஸ்தகத்துல பாரு" என்பாள். முதல் மாதம் முழுக்க ஹுமைரா அலமாரி துடைத்தாள், தேதி முடிந்த மாத்திரைகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள், ராமாயி செய்வதைக் கண்ணால் திருடினாள்.

திருடுவதற்கு நிறைய இருந்தது. வருகிறவர்கள் மருந்தின் பெயரையா சொல்கிறார்கள்? "போன தடவை குடுத்தீங்களே, ஒரு பக்கம் மஞ்சளா இருக்குமே" என்பார்கள். "எங்க வீட்டுக்காரருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பார்கள். ராமாயி கை தானாக அலமாரிக்குப் போகும். ஆவணியில் ஆற்றில் தண்ணீர் வந்து நடவு தொடங்கியதும் கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணோடு பெண்கள் வந்தார்கள். களிம்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, காலை எப்படித் துடைக்க வேண்டும், எதைத் தடவக் கூடாது என்று திட்டிக்கொண்டே சொல்வாள்.

ஒரு நாள் ஒருவர் தலை சுற்றுகிறது, ஒரு மாத்திரை கொடுங்கள் என்று வந்தார். ஹுமைரா மாத்திரையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுவிட்டாள். ராமாயி அவர் சட்டையை மோந்து பார்த்தாள். "காலையில மருந்தடிச்சீங்களா?" என்றாள். அவர் ஆமாம் என்று தலையாட்டுவதற்குள் எச்சில் ஒழுகியது. ராமாயி கவுண்டரைத் தாண்டி ஓடி ஆட்டோவை நிறுத்தி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டாள். அந்தப் பூச்சிமருந்துக்கு மாற்று மருந்து என்ன என்று ஹுமைராவுக்கு நன்றாகத் தெரியும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள். ஆனால் ஆள் எதிரே நின்றபோது அவள் கையில் தலைசுற்றல் மாத்திரைதான் இருந்தது.

ஐந்நூறு மணி நேரம் ஐப்பசியில் முடிந்தது. அதற்கு மேலேயும் நாற்பது மணி நேரம் நின்றிருந்தாள். பயிற்சி கொடுத்தவளின் கையெழுத்து செல்லாது, கொடுக்காதவரின் கையெழுத்துதான் செல்லும். கையெழுத்துப் போட வேண்டியவர் தம்மாமில் பிஸ்கட் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். கூத்தாநல்லூர்க்காரர் ஜெக்கரியா விடுமுறை முடிந்து தம்மாமுக்குத் திரும்பினார். சவூதிக்குப் போகிறவர் கையில் சாமான் கொடுத்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம், விமானக் கம்பெனியே மாறினாலும் அது மாறாது. சைத்தூன் பீவி நார்த்தங்காய் ஊறுகாய், கருவாடு, அவற்றுக்கு நடுவில் பாலிதீன் உறைக்குள் படிவம் என்று கட்டிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து இன்னொருவர் கையில் அது திரும்பி வந்தது. 'எனது நேரடி மேற்பார்வையில், நாள்தோறும், திருப்திகரமாகப் பயிற்சி பெற்றார்' என்பதற்குக் கீழே ஹாஜா மைதீன் அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஓரத்தில் எண்ணெய் படிந்திருந்தது.

கல்லூரி எழுத்தர் படிவத்தை மூக்கருகே கொண்டுபோனார். "ஊறுகாய் வாசனை அடிக்குதே" என்றார்.

ஹுமைரா கையெழுத்துக்குக் கீழே துரைராசு குத்திக் கொடுத்த கடை சீலைக் காட்டினாள்.

"சீல் இருக்குல்ல, போதும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

மார்கழியில் பதிவு வந்தது. அதே வாரம் தம்மாமில் ஹாஜா மைதீனுக்குச் சீட்டும் கிழிந்தது. இரண்டு மாதத்தில் ஊர் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஹுமைரா நேராகத் துரைராசுவிடம் போய், "சார், நான் இங்க வேலைக்குச் சேர்ந்துக்கறேன். பார்மசிஸ்ட்டா" என்றாள்.

"ஏற்கெனவே பார்மசிஸ்ட் இருக்காரேம்மா" என்று துரைராசு மேலே காட்டினார்.

ஹுமைரா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தாள். பேரை எடுத்துவிடுங்கள், அந்தச் சுவரில் இனி உங்கள் படம் தொங்கக் கூடாது, நிஜமான பார்மசிஸ்ட் நான் இருக்கும்போது பொய்யான பார்மசிஸ்ட் எதற்கு என்று ஒரே மூச்சில் கொட்டினாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, இல்லை என்று யார் சொன்னது? அந்த நியாயத்துக்குள் அவளுக்கு ஒரு வேலையும் இருந்தது. அதனால்தான் அது அத்தனை சூடாக வந்தது. போன மாதம் பதிவுக்காக அதே பொய்யான பார்மசிஸ்ட்டின் கையெழுத்தை ஊறுகாய்க்கு நடுவில் வைத்து வரவழைத்தது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

"அவசரப்படாதம்மா" என்றார் ஹாஜா மைதீன். "அந்தக் கடை ஏதோ ஒரு விதமா ஓடிக்கிட்டிருக்கு. நீ கைய வைக்காத."

"பொய்யா ஓடுது அத்தா."

அவர் பெருமூச்சு விட்டார். வேலை போன மனிதருக்கு மகளோடு சண்டை போடத் தெம்பு ஏது? விலகுகிறேன் என்று கடிதம் எழுதி அனுப்பிவிட்டார். துரைராசு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் சிரித்த முகமாகிவிட்டார். பிரேமைக் கழற்றினார், ஹுமைராவிடம் போட்டோ கேட்டார், தைப் பொங்கல் கழிந்து வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார். ஹுமைராவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை பெருமை. தஞ்சாவூரில் சுவரில் இருக்கிற பார்மசிஸ்ட்டே கவுண்டரிலும் நிற்கிற கடை எத்தனை என்று அம்மாவிடம் விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். ஒரு கை போதுமாயிருந்தது.

பொங்கல் முடிந்து, இஸ்திரி போட்ட வெள்ளைக்கோட்டோடு அவள் கடைக்குப் போனபோது கவுண்டர் காலியாக இருந்தது.

"ராமாயி அக்கா வரலையா சார்?"

"நிறுத்திட்டேம்மா" என்றார் துரைராசு, போனைப் பார்த்துக்கொண்டே. "பொங்கலுக்குப் புடவை, ஒரு மாசச் சம்பளம் எல்லாம் குடுத்துத்தான் அனுப்பினேன். உன் சம்பளத்தையும் குடுத்து அவ சம்பளத்தையும் எங்கேர்ந்து குடுக்கறது? அதுவும் இல்லாம பார்மசிஸ்ட் இல்லாதவங்க மருந்து எடுத்துக் குடுக்கக் கூடாதுல்ல. நீதானே எல்லாம் ரூல்ஸ்படி இருக்கணும்னே? நான் அதைத்தான் அவகிட்டயும் சொன்னேன்."

இந்தப் புண்ணியவான் இருபத்தியோரு வருடம் ரூல்ஸை எட்டிக் கூடப் பார்க்காதவர். ஒரு ஏழைப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புவதற்கு மட்டும் அது அவருக்கு மனப்பாடமாக வந்தது. ஹுமைரா கோட்டைக் கழற்றிக் கல்லாவின் மேல் வீசிவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர வீசவில்லை. அடுத்த மாதம் அத்தா இரண்டு பெட்டியோடு வந்து இறங்கப்போகிறார். அவள் உள்ளே போய், ராமாயி நின்ற இடத்தில் நின்றாள். இரண்டடி இடம்தான்.

முதல் மூன்று நாள் வந்தவர்களெல்லாம் ராமாயியைக் கேட்டார்கள். ஒரு கிழவர், "அந்தப் பொண்ணு வந்ததும் வர்றேன்" என்று வெயிலில் போய் உட்கார்ந்தார். நான்காம் நாள் ஒருவர் சீட்டு நீட்டினார். ஐம்பது வயதிருக்கும், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுவிட்டு வந்த மாதிரி சட்டையெல்லாம் தூசி. சீட்டில் இரண்டு வரி. முதல் வரி பிரஷர் மாத்திரையாகவும் இருக்கலாம், சர்க்கரை மாத்திரையாகவும் இருக்கலாம். அந்த டாக்டர் எழுதினாரா, பேனாவை உதறினாரா என்றே தெரியவில்லை. ஹுமைரா சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். டாக்டர் வீட்டு நம்பருக்கு அடித்தாள், யாரும் எடுக்கவில்லை.

"என்னம்மா, இல்லையா?" என்றார் அவர்.

"ஒரு நிமிசங்க" என்று சொல்லி, மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்ச் சீட்டைப் படம் பிடித்து ராமாயிக்கு அனுப்பினாள். போன் செய்தாள். ராமாயி எடுக்க நேரமாயிற்று. அந்தப் பக்கம் நெல் தூற்றும் மெஷின் சத்தம் காதைப் பிளந்தது. அம்மாபேட்டைப் பக்கம் ஏதோ களத்தில் நெல் கூட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

"அக்கா, ஒரு சீட்டு அனுப்பியிருக்கேன். முதல் வரி புரியல."

ராமாயி திட்டவில்லை. அதுதான் ஹுமைராவுக்கு என்னவோ போல் இருந்தது. மெஷின் சத்தத்திலிருந்து தள்ளிப் போகிற காலடி கேட்டது. "இது வடக்கு வீதி டாக்டரு. முதல் எழுத்தை முழுங்கிடுவாரு. பிரஷருக்கு. சுகர் மாத்திரைன்னா பக்கத்துல ஒரு கோடு இழுத்திருப்பாரு" என்றாள். "எதுக்கும் அவரை ஒரு வார்த்தை கேளு, சுகர் இருக்கான்னு. இல்லைன்னு சொன்னாருன்னா கண்ண மூடிக்கிட்டுக் குடு. அஞ்சு மில்லிகிராம்."

ஹுமைரா எட்டிப் பார்த்துக் கேட்டாள். சர்க்கரை இல்லை, பிரஷர்தான் என்றார் அவர்.

"அக்கா, நீங்க திரும்பி வந்துடுங்க. நான் சார்கிட்ட பேசறேன்."

"என்னன்னு பேசுவ?" என்றாள் ராமாயி. குரலில் கோபம் கூட இல்லை, தூசித் தொண்டைதான் கரகரத்தது. "உங்க அத்தா அந்தச் செவுத்துல தொங்கினவரைக்கும் எனக்கு அங்க வேலை இருந்துச்சு. நீ நேர்ல வந்த, போச்சு. சரி, ஆள் நிக்கிறாரு பாரு, மருந்தைக் குடு. காலையில ஒண்ணுதான்னு ரெண்டு தடவை சொல்லு, இல்லாட்டி ராத்திரிக்கும் போட்டுக்குவாங்க."

போன் வைக்கப்பட்டது. ஹுமைரா ஐந்து மில்லிகிராம் அட்டையை எடுத்து வந்து கவுண்டரில் வைத்தாள். கல்லாவில் துரைராசு போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சுவரில், பிள்ளையார் காலண்டருக்குப் பக்கத்தில், புது பிரேமுக்குள் ஹுமைரா தலையில் துப்பட்டாவோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில ஒண்ணுதான். ராத்திரி வேண்டாம். காலையில மட்டும்" என்றாள்.

சீட்டுக்காரர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

"உள்ள போயி யாருகிட்டயோ கேட்டியே, யாரும்மா அது?"

ஹுமைரா மீதிச் சில்லறையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பார்மசிஸ்ட்" என்றாள்.